இரண்டு வாசல்கள்

சமூக சேவை செய்கிறவர்கள் எழுதும் புத்தகங்களை நான் சாதாரணமாகப் படிப்பதில்லை. படித்தவரையில் அவை இரண்டு வகைதான். ஒன்று கணக்குப் புத்தகம்: இத்தனை குழந்தைகளுக்குப் பால் கொடுத்தோம், இத்தனை வாலிபர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தோம், இத்தனை பெரிய மனிதர்கள் வந்து பார்த்துப் பாராட்டினார்கள் என்று போகும். மற்றது கண்ணீர்ப் புத்தகம். அதில் ஏழைகள் எல்லாரும் ரொம்ப நல்லவர்கள். எழுதுகிறவர் அவர்களைவிட நல்லவர். இரண்டிலும் மனிதர்களைக் காண்பது அபூர்வம்.

வாலிபர்களுக்காக ஒரு நிலையம் ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், ஜேன் ஆடம்ஸ் அம்மையார் எழுதிய "ஹல் ஹவுஸில் இருபது ஆண்டுகள்" என்ற நூலைக் கொண்டுவந்து கொடுத்து, "படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்றார். சேவையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. புத்தகத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். 1910ஆம் வருஷம் வெளிவந்த புத்தகம். மூன்று நாளில் படித்து முடித்தேன். அதற்குப் பிறகும் அதிலுள்ள ஒரு சிறு சம்பவம் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு சம்பவத்தைப் பற்றித்தான்.

முதலில் ஹல் ஹவுஸ் என்னவென்று சொல்லிவிட வேண்டும். சிகாகோ நகரத்தில் ஹால்ஸ்டெட் தெருவில், சார்லஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய பழைய மாளிகை அது. அவர் கட்டியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. முப்பது வருஷத்துக்குள் நகரம் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டுவிட்டது. இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், பொஹீமியர், ஐரிஷ்காரர், ருஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் தப்பி வந்த யூதர் என்று, ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாத ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் பேட்டையாகிவிட்டது. 1889ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் ஜேன் ஆடம்ஸும் அவருடைய சிநேகிதி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அந்த மாளிகையில் குடிபுகுந்தார்கள். முந்தைய வருஷம் லண்டனில் டாயின்பீ ஹாலைப் பார்த்துவிட்டு வந்ததால் உண்டான யோசனை. ஏழைகளுக்குத் தர்மம் செய்வது நோக்கமல்ல. அவர்கள் நடுவில் அண்டை வீட்டுக்காரராக வாழ்வதுதான் நோக்கம்.

குழந்தைப் பள்ளியில் ஆரம்பித்தார்கள். பிறகு சித்திரசாலை, விளையாட்டு மைதானம், சங்கீதப் பள்ளி, நாடக அரங்கு, வேலைக்குப் போகும் பெண்கள் தாங்களே கூட்டாக நடத்திக்கொண்ட தங்கும் விடுதி, பையன்களுக்கென்று தனி மன்றம் என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. 1907இல் பார்த்தால் பதின்மூன்று கட்டடங்கள். அங்கே பையன்களின் பாண்டு கோஷ்டியில் கிளாரினெட் வாசித்துப் பழகிய ஏழை யூதக் குடும்பத்துப் பையன் ஒருவன்தான் பின்னாளில் பென்னி குட்மன் என்று உலகப் பெயர் வாங்கினான். அம்மையாருக்கு 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதெல்லாம் சரித்திரம். கணக்குப் புத்தகக்காரர்களுக்குப் போதும் போதும் என்கிற அளவு விஷயம் இருக்கிறது.

ஆனால் அம்மையார் எழுதியிருப்பது கணக்குப் புத்தகம் அல்ல. தம்மைத் தாமே சற்றுத் தள்ளி நின்று பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர் அவர். 1896இல் ருஷ்யாவுக்குப் போய் டால்ஸ்டாயைப் பார்க்கிறார். அந்தக் காலத்து மோஸ்தர்ப்படி அம்மையாரின் சட்டைக் கைகள் பலூன் மாதிரி உப்பிக்கொண்டிருக்கின்றன. டால்ஸ்டாய் ஒரு கையைப் பிடித்து அகல விரித்துக் காட்டி, இந்தத் துணியில் ஒரு சிறு பெண்ணுக்குப் பாவாடை சட்டையே தைத்துவிடலாமே, இந்த உடுப்பு உங்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவே தடையாக இல்லையா என்று கேட்கிறார். அம்மையாருக்கு வாயடைத்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பியதும் தினம் காலையில் இரண்டு மணி நேரம் ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைவது என்று சங்கல்பம் செய்துகொள்கிறார். சிகாகோ வந்து பார்த்தால் வாசலில் காத்திருக்கும் ஜனங்கள், பிரிக்காத கடிதங்கள், அவசரமான தேவைகள்! இத்தனை பேரையும் ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தம் ஆத்மாவைக் கடைத்தேற்ற மாவு பிசைந்துகொண்டிருப்பதா? சங்கல்பம் போய்விட்டது. இதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். டால்ஸ்டாயிடமும் மரியாதை குறையவில்லை, தம் அசட்டுத்தனத்தையும் மூடி மறைக்கவில்லை. நாவலாசிரியனுக்கு வேண்டிய குணம் இது.

தோற்ற கதைகளையும் அப்படியே சொல்கிறார். ஏழைகள் சத்தில்லாத உணவைச் சாப்பிடுகிறார்கள் என்று சாஸ்திரீயமாக ஒரு பொதுச் சமையலறை ஏற்படுத்துகிறார்கள். ஜனங்கள் எட்டிப் பார்ப்பதோடு சரி. சத்துள்ளது வேண்டாம், வாய்க்குப் பிடித்ததுதான் வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். பலவகை ஜனங்களுக்கு நல்லது செய்யப் புறப்படுகிற யாரும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது. இன்னொரு சம்பவம், முதல் கிறிஸ்துமஸுக்கு நடந்தது. வந்த சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். சில பேர் வாங்க மறுத்துவிடுகிறார்கள். என்ன ஏது என்று விசாரித்தால் அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்கிற குழந்தைகள். ஆறு வாரமாகக் காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை வேலை. மிட்டாயைப் பார்த்தாலே குமட்டுகிறது. அம்மையார் இதற்குமேல் ஒரு வரி கண்ணீர் விடவில்லை. 1893இல் இல்லினாய் மாகாணத்தில் பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்ததற்கு ஹல் ஹவுஸ் பெண்கள் ஒரு முக்கிய காரணம் என்பதையும், மறுக்கப்பட்ட அந்த மிட்டாயையும் வாசகன்தான் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1909இல், நகரத் தெருக்களில் வளரும் வாலிபர்களைப் பற்றி அம்மையார் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். சிந்தனை என்ற அளவில் அது இதைவிடக் கூர்மையானது என்று சொல்ல வேண்டும். நவீன நகரம் இளைஞர்களின் உழைப்பைப் பகலில் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறது. மாலையில் அவர்கள் எங்கே போவார்கள் என்று கவலைப்படுவதில்லை. அந்த மாலை நேரத்தைச் சாராயக் கடைக்காரனுக்கும் நடனக் கொட்டகைக்காரனுக்கும் குத்தகைக்கு விட்டுவிடுகிறது. இதுதான் அதன் வாதம். அமெரிக்காவிலேயே சிறுவர்களுக்கென்று முதல் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில்தான் ஏற்பட்டது. அந்த நீதிமன்றத்துக்கு வந்த பையன்களின் குற்றங்களை ஓரிடத்தில் வரிசையாக அடுக்குகிறார்: தண்டவாளத்து ஓரம் நெருப்பு மூட்டியது, கொடி காட்டி ரயிலை நிறுத்தியது, ஓடுகிற ரயில் ஜன்னலில் கல்லெறிந்தது, கைகாட்டி விளக்கை உடைத்தது... பட்டியலைப் படித்து முடிக்கும்போது இவை குற்றங்களாகத் தெரியவில்லை. சாகசம் செய்ய இடமில்லாத பையன்கள் கண்டுபிடித்த சாகசங்களாகத் தெரிகின்றன. நல்ல பகுதிதான். ஆனாலும் அந்த நூலில் வாலிபர்கள் கூட்டமாக வருகிறார்களே தவிர ஒருவன்கூடத் தனியாக வந்து நம் எதிரில் உட்காருவதில்லை. அதனால் இலக்கியம் என்று பார்த்தால் எனக்கு இருபது ஆண்டு நூல்தான் மேலானதாகப் படுகிறது. அதில் ஏஞ்சலினா இருக்கிறாள்.

ஏஞ்சலினா ஓர் இத்தாலியப் பெண். சனிக்கிழமை மாலைகளில் சமையல் வகுப்புக்காக ஹல் ஹவுஸுக்கு வருகிறாள். அதே நேரத்தில் அவள் தாயாரும் அங்கே வருகிறாள், நூல் நூற்றுக் காட்ட. 1900ஆம் வருஷத்தில் அம்மையார் அங்கே தொழில்களுக்கென்று ஒரு காட்சிசாலை ஏற்படுத்தியிருந்தார். ஒரு நாள் தெருவில் ஒரு இத்தாலியக் கிழவி வீட்டுப் படியில் உட்கார்ந்து தக்ளியில் நூல் நூற்பதைப் பார்த்ததும் தோன்றிய யோசனை அது. தக்ளியிலிருந்து ராட்டை, ராட்டையிலிருந்து நீராவி யந்திரம் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அந்தந்த நாட்டிலிருந்து வந்த பெண்களையே கொண்டு நடத்திக் காட்டச் செய்தார். குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டதும் தாய் தகப்பனைக் கேவலமாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதை அவர் கண்டிருந்தார். யந்திரத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு, அந்த யந்திரத்தின் கொள்ளுப்பாட்டி தன் தாயார் கையில் இருக்கிறாள் என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

ஏஞ்சலினா தாயாரோடு வீட்டிலிருந்து புறப்படுவாள். ஹல் ஹவுஸ் வந்ததும் தாயாரை ஒரு வாசலில் விட்டுவிட்டு வேறு வாசல் வழியே உள்ளே போவாள். தாயாரின் தலையில் கட்டிய துணி, முரட்டுப் பூட்ஸ், குட்டைப் பாவாடை, இதெல்லாம் தன்னைச் சேர்ந்தவை என்று சமையல் வகுப்புப் பெண்களுக்குத் தெரியக் கூடாது. ஒரு நாள் மாலை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்கள் தாயாரைச் சூழ்ந்து நின்று வியந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறாள். அமெரிக்காவிலேயே இவளைப்போலத் தக்ளி நூற்பவர்கள் இல்லை என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொள்கிறாள். அம்மையாரிடம் வந்து, அது நிஜமா என்று கேட்கிறாள். அம்மையார் அவள் தாயார் பிறந்த மலைக் கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார். மலை விளிம்பில் நின்றுகொண்டு பள்ளத்தில் தக்ளியைத் தொங்கவிட்டு நூற்ற பெண்கள். அதனால் அந்த ஊருக்கே வந்த தனித் தேர்ச்சி. பிறகு நடந்தவை இரண்டு. கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய பெட்டியிலிருந்து, தாயார் தன் கைநூல் துணிகளை வெளியே எடுக்க ஏஞ்சலினா சம்மதிக்கிறாள். அடுத்து, தாயாருடன் ஒரே வாசல் வழியாக உள்ளே வருகிறாள்.

சம்பவம் இவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம்கூட இல்லை. ஒரு பெரிய நாவலுக்கு வேண்டியது இதில் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏஞ்சலினா மனம் மாறியது எதனால்? தாயாரின் கையைப் பார்த்தா? அந்தக் கையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கௌரவமாக உடுத்திய அமெரிக்கர்கள் பாராட்டியதைக் கேட்டு மாறினாள். அதாவது, யாரைப்போல ஆக வேண்டும் என்பதற்காகத் தாயாரை ஒளித்தாளோ, அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் தாயாரை ஏற்றுக்கொண்டாள். இதில் வெற்றி இருக்கிறது. அதற்குச் சமமான துக்கமும் இருக்கிறது. அம்மையார் வெற்றியைக் கண்டார். துக்கம் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. அந்த மலைக் கிராமத்து வாழ்க்கை அவ்வளவு சுதந்திரமும் அழகுமாக இருந்ததென்றால், அதை விட்டுவிட்டு அந்தத் தாயார் ஏன் கடல் கடந்து வந்து இரண்டு அறைக் குடித்தனத்தில் அடைந்துகிடக்கிறாள் என்றும் அவர் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகள் வேறு வாசலுக்குத் திரும்பிய ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தாயார் என்ன நினைத்தாள்? அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நூலில் அவளுக்கு ஒரு பேச்சும் இல்லை. அவள் நூற்கிறாள்; மற்றவர்கள் பேசுகிறார்கள்.

இந்தக் கேள்வி என் மனத்தை இவ்வளவு அரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசகர் மன்னித்தால் சொல்லுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, கிராமத்திலிருந்து என் ஆச்சி ஒரு நாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். ரவிக்கை போடாத உடம்பு. தோள் வரைக்கும் தொங்குகிற காதில் பாம்படம். கையில் தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து. விடுதி வாசலில் நின்று ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போனபோது கூட இரண்டு பையன்கள் இருந்தார்கள். "யாருல அது?" என்றான் ஒருத்தன்.

"எங்க ஊர்க்காரி. வீட்டுல குடுத்துவிட்டிருக்காவ" என்றேன்.

ஆச்சி காதில் அது விழுந்தது. என்னை "ராசா" என்று தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாதவள் அவள். தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "சரி தம்பி, நல்லா இருக்கியன்னு உங்க வீட்டுல சொல்லிருதேன்" என்றாள். திரும்பி நடந்தாள். பையன்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு நன்றாக நடித்துவிட்டாள்.

பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு புத்தகக் கடையில், அயல்நாட்டார் ஒருவர் வெளியிட்ட படப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் பாம்படத்தின் படம் இருந்தது. உருண்டையும் சதுரமும் கூரும் சேர்ந்த அந்த அமைப்பு நவீனச் சிற்பம் மாதிரி இருந்தது. "எங்கள் ஆச்சி போட்டிருந்தாள்" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். சொன்ன வாயை அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆச்சி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பாம்படம் என் தங்கை கல்யாணத்தில் உருகி வேறு நகையாகிவிட்டிருந்தது.

ஆகவே ஏஞ்சலினாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் அந்நியன் கையெழுத்து தேவைப்பட்டது. அவளுக்காவது தாயார் உயிரோடிருக்கும்போதே கிடைத்தது. அதைக் கிடைக்கச் செய்தது ஹல் ஹவுஸ். இதை நினைத்துப் பார்க்கும்போது என் மனத்தாங்கல் பாதி குறைந்துவிடுகிறது. மீதிப் பாதி, நூலாசிரியையின் மேல் இருப்பது, இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தாயாரிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஏஞ்சலினாக்கள் தாங்களே பேசுவதைக் கேட்க வேறொரு நூலுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஸ்டட்ஸ் டெர்க்கல் என்பவர் சிகாகோ ஜனங்களைப் பேசவிட்டு, அதை ஒலிப்பதிவு செய்து, 1967இல் "டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா" என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். அதில் முதலில் பேசுகிறவர் புளோரன்ஸ் ஸ்கேலா. இத்தாலியிலிருந்து வந்த தையற்காரர் ஒருவரின் மகள். ஹல் ஹவுஸ் பேட்டையிலே 1918இல் பிறந்து, சிறுமியாக ஹல் ஹவுஸுக்குப் போய் வளர்ந்தவர். தைப்பதும் இஸ்திரி போடுவதும் தவிர உலகத்தில் வேறு விஷயங்களும் உண்டு என்று தமக்குக் காட்டியது அந்த வீடுதான் என்று நன்றியோடு சொல்கிறார். ஆனால் அவர் நன்றியோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

1961இல், சர்வகலாசாலை கட்டுவதற்காக அந்தப் பேட்டையையே இடித்துவிடுவது என்று நகராட்சி தீர்மானித்தது. எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைவி ஸ்கேலாதான். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1963இல் தோற்றார். பேட்டை போயிற்று. பதின்மூன்று கட்டடங்களில் பழைய மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும்தான் மிஞ்சி, காட்சிசாலையாகிவிட்டன. அந்தப் போராட்டத்தில் ஸ்கேலாவுக்கு ஆறாத புண், ஹல் ஹவுஸை நிர்வகித்த கனவான்களும் சீமாட்டிகளும் தங்கள் பக்கம் நிற்கவில்லை என்பது. அவர்களெல்லாரும் நல்லவர்கள், படித்தவர்கள், பண்புள்ளவர்கள். அண்டை வீட்டாராக மட்டும் அவர்கள் இல்லை. அம்மையார் 1935இலேயே காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தெருவில்தானே அவர் நாற்பத்தைந்து வருஷம் குடியிருந்தார்! ஸ்தாபனம் அந்தத் தெருவை விட்டு, நகரத்தில் பல இடங்களிலாகப் பிரிந்து நடந்தது. பெரும்பாலும் அரசாங்க மானியத்தை நம்பி நடந்து, கடனில் மூழ்கி, 2012 ஜனவரியில் மூடப்பட்டது.

டெர்க்கலின் நூலையும் அம்மையாரின் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று அந்த வீட்டுக்கு உள்ளேயிருந்து தெருவைப் பார்க்கிறது. மற்றதில் தெருவிலிருந்து ஒரு பெண் அந்த வீட்டைப் பார்க்கிறாள். கலையழகு முதலாவதில் அதிகம். ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவது பூர்த்தியாவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் தம் நிலையத்தின் திட்டங்களைச் சொன்னார். பல ஜாதிப் பையன்களும், பிழைப்புக்காக வடக்கேயிருந்து வந்திருக்கிறவர்களின் பிள்ளைகளும் வருவார்களாம். கம்ப்யூட்டர் வகுப்பு உண்டாம். இங்கிலீஷ் பேசப் பயிற்சி, உத்தியோகத்துக்கு வழிகாட்டுதல் எல்லாம் உண்டாம். எல்லாம் நல்ல விஷயங்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அந்தப் பையனைப் பார்க்க அவன் ஆத்தா வந்தால் எங்கே உட்காருவாள்?"

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். அதற்கென்று இடம் ஒதுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரம் போடவில்லை. வரைபடத்தைத் திருத்த அவகாசம் இருக்கிறது.